வடக்கறியும் வழி

(வைகாசித் தொடக்கத்தில் தவளக்குப்பத்தில் இளைஞர்முன் ஆற்றிய உரை)



வடக்கு எதுவென்று கேட்டால் கைப்பேசியைப் பார்த்துச் சொல்கிறோம். நடுக்கடலில் அது பழுதானால் என் செய்வோம்? விண்ணைப் படித்தவன் வழி தவறான்.

இந்நாள்களில் இரவு ஒன்பது மணிக்கு வடவானில் எழுமீன் அகப்பை வடிவில் தோன்றும். அகப்பை முகத்தின் ஓரத்து மீன்கள் இரண்டையும் இணைத்து, அவ்விடைவெளியைப்போல் ஐந்து மடங்கு கீழ்நோக்கி நீட்டுக. ஆங்கு நிற்பதே வடமுனைமீன். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 12 பாகை வடக்கே உள்ளது. ஆதலின் அம்மீனும் அடிவானுக்குமேல் 12 பாகை உயரத்திலேயே நிற்கும். நீட்டிய கையின் முட்டி ஒன்று, அதன்மேல் ஒரு விரல், அவ்வளவே! புதுவை நகரின் விளக்கொளியும் அத்திசையிலேயே படர்வதால் மங்கித் தோன்றும், பொறுமையோடு தேடுக. இரண்டு தூக்குநூல்களை அம்மீனோடு நேராக்கித் தரையில் கோடிட்டால், 100 அடிக்கு ஓரடியை ஒட்டியே பிழை நேரும்.

அதே வேளையில் தெற்கே திரும்பினால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். தென்முனை நமக்கு அடிவானின்கீழ் மறைந்துள்ளது. ஆயினும், நிமிர்ந்த சிலுவையினின்று நேர்கீழே அடிவானைத் தொடும் இடமே தெற்கு.

இனி, என் பிழையொன்றைச் சொல்ல வேண்டும். சங்கச் சான்றோர் கற்புக்கு உவமை காட்டிய வடமீன் இவ்வசையா மீனே என்று பல்லாண்டு வகுப்பில் கற்பித்தவன் யான். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, உரையில் அருந்ததி என்றன்றோ உள்ளது? அஃது எழுமீனோடு சேர்ந்து நகர்கின்றதே!" என்றான். அன்றிரவே பார்த்தேன். அவன் சொன்னதே மெய். மேலும், ஞாலத்தின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்றாகத் தலைசுழல்கின்றது. அதனால் 2,000 ஆண்டுகளுக்கு முன்னர் இன்றைய வடமுனைமீன் வடமுனையினின்று ஏறத்தாழ 12 பாகை விலகியிருந்தது. அன்று அது வடக்கைச் செவ்விதின் காட்டியிராது.

இதனால் முன்னோர் பெருமை குன்றுமோ? குன்றாது! நெடுநல்வாடையில் நக்கீரர், அரண்மனை எடுக்குமுன் நண்பகலில் இரு கோல்களின் நிழலால் திசை தேர்ந்து, கயிறிட்டு அளந்த நூலறிவாளரைக் காட்டுகின்றார். அவர்கள் கேட்டதை அப்படியே நம்பினாரல்லர், அளந்து கண்டனர். அளந்து கண்டதையே நாமும் பேசுவோம். பொய்ப்பெருமை தமிழுக்கு வேண்டா. மெய்ப்பெருமையே நிரம்ப உண்டு.

கூட்டம் கலைந்ததும் கடற்கரைக்குச் செல்வோம், விண்ணைப் பார்ப்போம்.

வாழ்க தமிழ்!