வேலியில் ஓர் ஆடாதோடை

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



லயத்து வீட்டுத்தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க வந்தபோது பல வாசலிலும் ஒரே முறைப்பாடு கேட்டோம். "பூசணி நெறய பூக்குதுங்க. பிஞ்சு விரலளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்துடுது." உரம் போதாது என்றார்கள், கண்ணூறு என்றார்கள். பெரும்பாலும் குறை வேறு. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அதன் மகரந்தம் பாரமானது, ஒட்டிக்கொள்ளும், காற்றில் பறக்காது. தேனீதான் சுமக்க வேண்டும். மத்தியானத்துக்குள் பூவும் சுருங்கிவிடும்.

நாளைக் காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் நடுவில் தடவிப் பாருங்கள். அந்தப் பிஞ்சு மட்டும் நின்றால், உங்கள் தோட்டத்துக்குத் தேனீ போதவில்லை.

பூசணி பூக்கும் சில வாரத்துக்கு மட்டும் தேனீயைக் கூப்பிட்டால் வருமா? மற்ற நாளிலும் அதற்குச் சாப்பாடு வேண்டாமா? அதனால்தான் வேலியில் ஆடாதோடை நடச் சொல்கிறோம். இது நம் மண்ணின் செடி. வெள்ளைப் பூவின் கீழிதழ் தேனீ உட்காரத் திண்ணை போல இருக்கும். கசப்பான இலை என்பதால் ஆடு, மாடு பெரும்பாலும் வாய் வைக்காது.

மழை தொடங்கியதும் முற்றிய கம்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போக நடுங்கள். இரண்டடிக்கு ஒன்று போதும். கொப்பின் நுனிப்பக்கம்தான் பூ வரும். மாதாமாதம் மட்டம் வெட்டினால் பூவைக் காணமாட்டீர்கள். பூத்து முடிந்த பிறகு கவ்வாத்துப் பண்ணுங்கள்.

ஒரு தாய் கேட்டார்: "குளவி கொட்டி செத்தவங்கள பாத்திருக்கோம். இத நாமளே கூப்பிடுறதா?" நியாயமான பயம். அந்தச் சாவுகளை நாமும் மறக்கவில்லை. ஆனால் குளவியும் மலைத்தேனீயும் கூட்டமாகப் பாய்வது தங்கள் கூட்டைக் காக்கத்தான். பூவுக்கு வரும் தேனீயை நசுக்காமல் விட்டால், அது தன் பாட்டில் போகும். என்றாலும் செடியைப் பிள்ளைகள் விளையாடும் வாசலில் வைக்காமல் தூர வேலியில் வையுங்கள். மரத்தில் கூடு கண்டால் கல் எறியாமல் உடனே அறிவியுங்கள். கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறினால், முகம் வீங்கினால், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. இருமலுக்கு ஆடாதோடைக் கசாயம் குடிப்பது பழைய வழக்கம். கர்ப்பிணித் தாய்மார் மட்டும் அதைக் குடிக்கவே கூடாது.

அடுத்த மழைக்கு வீட்டுக்கு இரண்டு கம்பு நடுவோம். பூசணிக்காயோடு மீண்டும் சந்திப்போம்.