சாக்லேட்டுக்கு ஒரு வாரம் லீவு

தீபாவளி அன்று முதல் அதிரசம் இனிக்கிற மாதிரி மூன்றாம் நாள் அதிரசம் இனிப்பதில்லை. மாவு அதேதான், வெல்லமும் அதேதான். ஓரம் மொறுமொறுவென்று இருப்பதையும் ஏலக்காய் மணப்பதையும் மனசு கவனிப்பதை விட்டுவிடுகிறது. கை பாட்டுக்கு எடுக்கும், வாய் பாட்டுக்கு மெல்லும்.

ஜோர்டி குவாய்ட்பாக், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சாக்லேட் வைத்துச் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. ஆய்வுக்கு வந்தவர்களுக்கு முதலில் சாக்லேட் கொடுத்தார்கள். பிறகு ஒரு கூட்டத்திடம் ஒரு வாரம் சாக்லேட் பக்கமே போகாதீர்கள் என்றார்கள். இன்னொரு கூட்டத்துக்கு நிறையக் கொடுத்து, முடிந்த மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு அவரவர் இஷ்டம். கொடுத்துவைத்தவர்கள் இரண்டாவது கூட்டம்தான் என்று தோன்றும். ஆனால் ஒரு வாரம் கழித்து மறுபடி சாக்லேட் கொடுத்தபோது, மற்றவர்களைவிட ரசித்துச் சாப்பிட்டவர்கள் அதை விட்டிருந்தவர்கள்தான்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். காபியை ஒரு வாரம் விடுங்கள் என்று சொல்ல எனக்கே தைரியமில்லை, தலைவலி வந்துவிடும். டிவி சீரியலை விட்டுப் பாருங்கள். திரும்பி வரும்போது கதை பெரிதாக நகர்ந்திருக்காது, அந்தப் பயமும் வேண்டாம்.