மகப்பேற்றுக்குப் பின் மாதவிடாய்



மகப்பேற்றுக்குப் பின்னர்ப் பெண்களின் மாதவிடாய் எவ்வாறு மாறுகிறது என்பது இன்றைய பேச்சின் பொருள். பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற கிழவன் ஒருவன் இதைப் பேசுவதா என்று உங்களில் சிலர் நகைக்கலாம். சிலர் வானொலியை நிறுத்திவிடவும் எண்ணலாம். உயிரியல் நூலில் இனப்பெருக்க மண்டலம் என்ற பாடம் வந்ததும், "இதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடும் வகுப்பறைகள் நம் நாட்டில் பல. தொல்காப்பியர் கற்பியலில் பூப்பு என்னும் சொல்லைக் கூச்சமின்றி ஆள்கிறார். நாணமெல்லாம் பிற்காலத்தார்க்கே வந்து சேர்ந்தது போலும். ஆண்பிள்ளைகளும் எழுந்து போகாமல் கேட்கவேண்டும் என்பது என் விருப்பம். ஏன் என்பது போகப்போக விளங்கும்.

முதலில் ஒரு வேற்றுமையை மனத்தில் கொள்ளுங்கள். குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு உண்டாகும் குருதிப்போக்கு மாதவிடாய் அன்று. கருப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நஞ்சுக்கொடி பிரிந்து வந்தபின், அது இருந்த இடம் உள்ளங்கை அகலப் புண்ணாக நிற்கிறது. அப்புண் ஆறும்வரை கசிவு இருக்கும். முதற்சில நாட்களில் சிவந்தும், பின்னர்ப் பழுப்பேறியும், இறுதியில் வெளுத்தும், பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் அது நின்றுவிடும். அறுவை செய்து குழந்தையை எடுத்தவர்க்கும் இது உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுவதும் நனையுமளவு குருதி பெருகினாலோ, பெரிய கட்டிகளாக விழுந்தாலோ, துர்நாற்றமும் காய்ச்சலும் கண்டாலோ, "அழுக்கு வெளியேறுகிறது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வாளா இருத்தல் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இனி, உண்மையான மாதவிடாய் எப்போது திரும்பும்? நாட்காட்டியைப் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது; மடியில் உள்ள குழந்தையைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். தாய்ப்பால் கொடுக்காதவர்க்குப் பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் திரும்பிவிடுகிறது. கொடுப்பவர்க்குப் பல மாதங்கள் ஆகலாம். ஓராண்டும் அதற்கு மேலும் ஆவதுண்டு. பாலூட்டுங்காலத்தில் மாதவிடாய் வருவதில்லை, கருவும் தங்குவதில்லை என்பதை ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்னரே அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில் குறித்துவைத்தார். நம் பாட்டிமாரும் இதை அறிவர். ஆனால் காரணம் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று.

மூளையின் அடிப்புறத்தில் பட்டாணியளவில் தொங்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மாதந்தோறும் சூற்பையில் முட்டை ஒன்று முதிர்ந்து வெளிவருவதற்கு, மூளையிலிருந்து இச்சுரப்பிக்கும், இச்சுரப்பியிலிருந்து சூற்பைக்கும் இடைவிடாது தூது செல்லவேண்டும். குழந்தை வாய்வைத்துச் சப்பும்போது எழும் உணர்ச்சி நரம்புகளின் வழியே மூளையை எட்டுகிறது. உடனே பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் மிகுகிறது; முட்டையை முதிர்விக்கும் தூது தளர்கிறது. முட்டை முதிராவிடில், கருப்பை தன் உட்படலத்தைத் தடிக்கச் செய்து பின் உதிர்ப்பதற்கும் வேலையில்லை. ஆகவே இங்குக் காரியத்தைச் செய்வது குழந்தை சப்புகின்ற செயலே. மார்பில் பால் இருப்பது மட்டும் போதாது. எத்தனை முறை சப்புகிறது, இரவிலும் சப்புகிறதா என்பவை இதனால்தான் பொருட்படுத்தத் தக்கவையாகின்றன.

இதற்கு அழகிய சான்று ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்திலிருந்து கிடைத்தது. அங்கு வேட்டையாடியும் காய்கிழங்கு சேகரித்தும் வாழ்ந்த குங் மக்களிடையே, எந்தக் கருத்தடை முறையும் இல்லாமல், ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் சராசரி 44 மாத இடைவெளி இருந்தது. மெல்வின் கானர், கேரல் வொர்த்மன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் அத்தாய்மாரை அருகிருந்து கவனித்து, 1980-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அக்குழந்தைகள் பகலெல்லாம் தாயின் உடலோடு ஒட்டியே இருந்தன. ஒரு மணி நேரத்தில் பலமுறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடங்களே பால் குடித்தன. இரவிலும் தாயின் அருகிலேயே உறங்கின. இடைவெளி சிறிதாக இருந்ததால் தூது தளர்ந்தபடியே இருந்தது. நாம் மூன்று மணிக்கொருமுறை என்று கடிகாரம் பார்த்துப் பாலூட்டுகிறோம், நடுவே புட்டிப்பால், தாய் வேலைக்குப் போனால் அதுவும் இல்லை. "என் மாமியார்க்கு இரண்டு ஆண்டுகள் வரவில்லை, எனக்கு மட்டும் நான்காம் மாதமே வந்துவிட்டதே" என்று கலங்கும் பெண்ணுக்கு இதில் விடை இருக்கிறது. அவள் உடலில் குறையொன்றும் இல்லை.

இனிச் சொல்லப்போவதே இப்பேச்சில் தலையாயது. மாதவிடாய் என்பது முட்டை வெளிவந்து, கருத்தரிக்காமல் போனபின், ஏறத்தாழ 14 நாட்கள் கழித்து வருவது. முட்டை முன்னே, குருதி பின்னே. அப்படியானால் மகப்பேற்றுக்குப் பிறகு முதல் மாதவிடாய் வருவதற்கு முன்னமேயே முட்டை வெளிவந்துவிட முடியும். கருவும் தங்கிவிட முடியும். பாலூட்டாதவர்க்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம் முடியுமுன்னரேகூட இது நேர்வதுண்டு. நம் நாட்டுப் பேச்சில் கருவுற்றவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்பார்கள். மாதந்தோறும் தலைமுழுகுவது நின்றதே அதற்கு அடையாளம். பாலூட்டும் தாயோ ஏற்கெனவே முழுகாமல் இருப்பவள். அவளுக்கு அடுத்த கருவை அறிவிக்க அந்த அடையாளம் எங்கிருந்து வரும்? வயிறு தெரியும்வரை அறியாதிருந்தவர்கள் பலர்.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். நான் தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில், எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று வருவதை நிறுத்திவிடும். விசாரித்தால், முந்தின குழந்தை நடக்குமுன் தாய்க்கு அடுத்த பேறு. தாய்க்கு எழுந்திருக்க வலுவில்லை. இரண்டையும் பார்த்துக்கொள்ள மூத்தவள் வீட்டில் இருக்கிறாள். வருகைப் பதிவேட்டில் ஒரு மாதம் சுழியிட்டு, மறுமாதம் பெயரை அடித்துவிடுவோம். அந்தத் தந்தைமாரில் பலர் கொடியவர்கள் அல்லர். பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போது தங்காது என்று கேள்விப்பட்டதை முழு உண்மையென்று நம்பியவர்கள். ஆண்பிள்ளைகளைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

அந்நம்பிக்கை எந்த அளவுக்கு மெய் என்பதை 1988-இல் இத்தாலி நாட்டுப் பெலாஜியோ நகரில் கூடிய அறிஞர்கள் வரையறுத்தார்கள். குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்கக்கூடாது, தாய்ப்பாலே முழு உணவாகவோ ஏறக்குறைய முழு உணவாகவோ இருக்கவேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக்கூடாது. மூன்றும் ஒருங்கே இருந்தால் கருத்தரிப்பவர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. ஒன்று தவறினாலும் அந்தக் காவல் போயிற்று. கஞ்சியும் கூழும் ஊட்டத் தொடங்கியதும் குழந்தை சப்புவது குறைகிறதல்லவா? ஆகவே ஆறாம் மாதத்துக்குப் பிறகு பாட்டிமாரின் வாக்கை நம்பியிருக்க முடியாது. ஒரு பேற்றுக்குப் பின் அடுத்த கருவுக்கு முயலுமுன் 24 மாதமாவது இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பாலுக்குக் குறைவு வராத கருத்தடை முறைகள் உள்ளன. கிராம சுகாதார செவிலியரைக் கேட்டால் சொல்வார். கணவனும் உடன்சென்று கேட்டால் இன்னும் நன்று.

திரும்பிவந்த மாதவிடாய் பழையபடியே இருக்குமா என்றால், முதற்சில மாதங்களுக்கு முறை தவறுவது இயல்பு. ஒரு மாதம் வந்து மறுமாதம் வராமற்போகலாம். அளவு கூடலாம், குறையலாம். முட்டை வெளிவராமலே குருதி மட்டும் வருவதும் தொடக்கத்தில் உண்டு. முன்பு வயிற்றுவலியால் துடித்த பெண்கள் பலருக்குப் பேற்றுக்குப் பின் அவ்வலி தணிகிறது. சிலருக்கு மிகுவதும் உண்டு. பொதுவாக ஒரு மாதவிடாயில் போகும் குருதி 30 முதல் 40 மில்லி லிட்டர். 80-க்கு மேற்பட்டால் மிகை என்பர். பேற்றில் ஏற்கெனவே குருதி இழந்தவளுக்கு இம்மிகையும் சேர்ந்தால் சோகை முற்றும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டிற்று. இந்நிலையில் பத்தியம் என்ற பெயரால் கீரையும் காயும் தண்ணீரும் மறுக்கப்படுவதை என்னென்பது! பூண்டும் பால்சுறாவும் கொடுக்கட்டும். அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் அடுப்படி மாடத்தில் போட்டு வைக்கவேண்டாம்.

இன்னொன்று உண்டு, அரியது, ஆனால் கொடியது. கருவுற்ற காலத்தில் பிட்யூட்டரி சுரப்பி பருக்கிறது. அதற்கு வேண்டும் குருதியும் மிகுகிறது. பேற்றின்போது பெருங்குருதிப்போக்கு ஏற்பட்டுத் தாய் மயங்கி விழுந்தால், அச்சுரப்பி குருதியின்றி வாடி, அதன் ஒரு பகுதி மடிந்துவிடலாம். ஹரால்டு ஷீஹன் என்ற ஆங்கில மருத்துவ அறிஞர் 1937-இல் இதை விளக்கினார். நோயும் அவர் பெயராலேயே வழங்குகிறது. தாய் பிழைத்துக்கொள்வாள், ஆனால் பால் சுரக்காது, மாதவிடாயும் திரும்பாது. நாளடைவில் சோர்வும், குளிர் தாங்காமையும், உடல் தளர்ச்சியும் தொடரும். 'பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டார் விட்டுவிடுவதால், பல ஆண்டுகள் கழித்தே நோய் கண்டறியப்படுவது வழக்கமாக இருக்கிறது. ஒரு குருதிச் சோதனையில் இது வெளிப்படும். குறைந்துபோன ஹார்மோன்களை மாத்திரையாகக் கொடுத்துவந்தால் அவள் மற்றவர்களைப்போல நடமாடலாம். மருத்துவரிடம் போகும்போது இரண்டு செய்திகளை மறவாமல் சொல்லவேண்டும்: பேற்றின்போது குருதி மிகுதியாகப் போயிற்று என்பதையும், குழந்தைக்குக் கொடுக்க ஒரு சொட்டுப் பாலும் சுரக்கவில்லை என்பதையும்.