கருவி புதிது, மொழி நமது!

அன்புசால் ஆசிரியப் பெருமக்களே!

வகுப்பறைக்குக் கணினி வந்துவிட்டது. மாணவர் விடையை அழுத்திய நொடியிலேயே அது மதிப்பெண் காட்டிவிடுகின்றது. ஆனால், எங்குப் பிழைத்தோம், ஏன் பிழைத்தோம் என்பதை மதிப்பெண் உணர்த்தாது. அதனை எழுதி உணர்த்த வேண்டியவர் நீங்களே. எழுத வேண்டிய மொழி தமிழே! மாணவர் கட்டுரைக்கு ஆங்கில எழுத்தால் தமிழை எழுதி மறுமொழி விடுப்பது, பிழை திருத்துவோரே பிழை புரிவதாகும்.

கணினியில் தமிழெழுதுதல் அரிதோ? 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழி வந்த தமிழ்99 விசைப்பலகையைக் காணுங்கள். உயிர் 12-உம் இடக்கையில். மெய்களுட் பெரும்பாலன வலக்கையில். ‘க’வை அடுத்து ‘இ’யை அழுத்தின் ‘கி’ பிறக்கின்றது. ஆய்தத்தொடு 31 விசைகள்; அவற்றால் 247 எழுத்துகள்! நம் இலக்கணமே அங்கு விசையாய் அமைந்துள்ளது.

ஆதலின், ஒவ்வொரு மாணவர்க்கும் ஒரு வரியேனும் தமிழெழுத்தில் எழுதுங்கள். நீங்கள் எழுதினால் அவர்களும் எழுதுவர்.

வெல்க தமிழ்!