அளவு நாடாவும் தன்மானமும்

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் தையற்கலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். நம் மக்களுக்குச் சட்டை என்பது வெறும் துணியன்று. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் கோட்டு, சட்டை, பனியன் அணியலாகாது. பெண்டிர் இரவிக்கை அணியலாகாது என்பன அவற்றுட் சில. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைவராயிருந்த ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

அதன் நிழல் என் இளமையிலும் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் என் தந்தையார் எனக்குச் சட்டை தைக்கத் துணி எடுத்தார். தையற்காரர் என் உடம்பில் நாடாவை வைக்கவில்லை; எட்ட நிறுத்திக் கண்ணளவு பார்த்தார். வந்த சட்டையின் தோள் முழங்கையை நோக்கி இறங்கியது. என் அன்னையார் விளக்கொளியில் தையலைப் பிரித்து, தோளைக் குறைத்து, பக்கங்களைப் பிடித்துக் கையாலேயே தைத்துத் தந்தார். மறுநாள் நிமிர்ந்து பள்ளிக்குச் சென்றேன்.

இன்று எம் பள்ளிக்கு அரசின் விலையில்லாச் சீருடை வருகிறது. மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கத்தினர் தைத்தவை அவை. ஆயினும் வளரும் பிள்ளைகளின் உடல்வாகு பலவிதம். பொருந்தாத சட்டையை அணிந்த பிள்ளை பின்வரிசையிலே ஒதுங்குவதை நான் கண்டிருக்கிறேன். நல்ல தையற்கலைஞர் பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பின்னரே வெட்டுவார். உட்தையலிலும் கீழ்மடிப்பிலும் துணியைக் கூடுதலாக விடுவார். பிள்ளை வளர்ந்ததும் பிரித்துவிட்டால் அதே சட்டை இன்னோர் ஆண்டு உழைக்கும். ஏழைக் குடும்பத்திற்கு அதுவும் ஒரு சேமிப்பன்றோ?

ஆகவே நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஒரு தையல் வகுப்பைத் தொடங்குங்கள். காஜா எடுப்பதோடும் பொறியை மிதிப்பதோடும் அது நின்றுவிடலாகாது. அளவெடுக்கவும், கணக்கிட்டு வெட்டவும் கற்பியுங்கள். வெட்டத் தெரியாதவர் பிறர் கடையில் கூலிக்கே தைப்பார்; வெட்டத் தெரிந்தவர் தாமே கடை வைப்பார். கணிதம் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது அரிதன்று.

அந்தக் கடையில், வருகின்ற ஒவ்வொரு குழந்தையின் தோளிலும் நாடாவை வைத்தே அளவெடுக்கட்டும்.