நீர் வந்த வழி



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நம் வீடுகளின் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கூரையின் உட்புறத்தில் ஈரத்திட்டு, சுவரின் அடியில் உப்புப் பூத்த காரை, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசல். அந்த நேரத்தில் கொத்தனாரைத் தேடினால், மழை விடட்டும், பார்க்கலாம் என்பார். அவர் சொல்வதில் நியாயமும் உண்டு. இதற்கிடையே, தம் வீட்டைத் தாமே செப்பனிடக் கற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கற்றதை அடுத்தவர் வீட்டுக்கும் கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கைவேலையை ஒரு கலையாக வைத்து, அதன் தரத்தை எதைக்கொண்டு அளப்பது என்று இன்று பேச விரும்புகிறேன்.

பூச்சு வேலை வழவழவென்று வந்திருக்கிறதா, பெயின்ட் திட்டுத்திட்டாக இல்லாமல் பரவியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். கையின் திறமையைப் பார்க்கிறோம். ஆனால் இந்தக் கலை கையில் தொடங்குவதில்லை. நீர் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. படுக்கையறையில் கட்டிலுக்கு நேர்மேலே சொட்டுகிறது என்பதால், ஓட்டையும் அதற்கு நேர்மேலே இருக்கும் என்று நம்பக்கூடாது. தளத்துக்குள் இறங்கிய நீர் கம்பி ஓடும் வழியிலும் கான்கிரீட்டின் நுண்ணிய இடைவெளிகளிலும் நெடுந்தூரம் நகர்ந்து, வழி கிடைத்த இடத்தில் சொட்டும். மூலகாரணம் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையாக இருக்கலாம். மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்துக் கிடக்கும் இலைச்சருகாகவும் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பழைய கைகள் சில எளிய வழிகளை வைத்திருக்கின்றன. மாடியில் சந்தேகப்படும் பகுதியைச் சுற்றிக் களிமண்ணாலோ கலவையாலோ சிறு வரப்புக் கட்டி, நீரைத் தேக்கி, ஒரு நாள் விட்டுக் கீழே வந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு பகுதியாகச் செய்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். சுவரில் ஈரம் என்றால், ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி வைப்பார்கள். சில நாள் கழித்துத் தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்தான், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் கலவை வைத்து ஒட்டி, தேதி எழுதி விடுவார்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது, அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும். உடையாமல் மாதக்கணக்கில் இருந்தால் அடைத்துப் பூசிவிடலாம். செலவு என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. பொறுமைதான் வேண்டும். கற்றுக்கொள்கிறவர்களில் பலர் இந்தப் பொறுமை வருமுன்பே பட்டியும் பெயின்ட்டும் வாங்கிவிடுகிறார்கள். அடுத்த மழையில் பெயின்ட் கொப்பளித்து எழும்பும்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் நடக்கும் ஒரு பெருந்தவறை இங்கே சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சிமென்ட் பூச்சு பூசுகிறோம். இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லேண்ட் சிமென்ட், 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற சிமென்ட்டின் வழியில் வந்தது. நம் அக்ரகாரத்து வீடுகளும் செட்டிநாட்டு வீடுகளும் நின்றது சுண்ணாம்பில். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு, நீற்றி, பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. அந்தக் கல்லில் நுண்துளைகள் உண்டு. தரையிலிருந்து ஏறிய ஈரம் அவற்றின் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். அதன் மேல் சிமென்ட்டை அப்பினால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளேயே தங்கி, உப்பையும் சேர்த்துக்கொண்டு, செங்கல்லை அரிக்கும். பலமான பொருளைப் பூசினால் சுவரும் பலமாகும் என்று நம்பி நல்ல வீடுகளை நாமே கெடுத்திருக்கிறோம். சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த கைகள் இன்று குறைந்து வருகின்றன. பொங்கலுக்கு வீட்டாரே வெள்ளையடித்த வழக்கத்தோடு அந்த அறிவும் நழுவிப் போகிறது. எனக்கு இது உண்மையான துயரம். வெள்ளையடிக்கும்போது கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீற்றிய சுண்ணாம்பு கண்ணைச் சுட்டுவிடும்.

கற்பதற்கு யாரிடம் போவது? லாரி பேக்கரை நினைத்துக்கொள்கிறேன். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்த அந்தக் கட்டடக் கலைஞர், இமயமலைச் சாரலில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் மறையும் வரை அங்கேயே கட்டினார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சமாகும் என்று கட்டிக் காட்டினார். அவர் கட்டடங்களைவிட எனக்கு மதிப்பாகத் தெரிவன அவருடைய சிறு புத்தகங்கள். தன் கையெழுத்திலேயே எழுதி, தானே படம் வரைந்து, இப்படிக் கட்டினால் காசு வீண், இப்படிக் கட்டினால் போதும் என்று சாதாரண வீட்டுக்காரருக்குச் சொன்னார். தொழில் ரகசியம் என்று எதையும் மூடி வைக்கவில்லை.

நம் கட்டட வேலையிடங்களிலோ மூடி வைத்திருக்கிறோம். கலவை சுமக்கும் சித்தாள் பெரும்பாலும் பெண். கலவை எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும், மணலில் மண் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். ஆண்டுக்கணக்கில் தூக்குக்குண்டு விழுவதையும் ரசமட்டம் பார்ப்பதையும் அருகில் நின்று கண்டவர். இருந்தும் கரணை அவர் கைக்கு வருவது அபூர்வம். வீடு பழுதுபார்க்கக் கற்றுத்தர ஆள் தேடுகிறவர்கள் முதலில் அவரிடம் கேட்கலாம். கற்றுத் தந்ததற்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

பிறர் வீட்டுக்குக் கைகொடுப்பது இந்தக் கலையின் மறுபாதி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டா மாவட்டங்களில் கூரைகள் பறந்தன. பல ஊர்களிலிருந்து உதவிக்குப் போனார்கள். தார்ப்பாயும் அரிசியும் கொடுத்தது அந்த நேரத்துக்கு அவசியம். அதைத் தாண்டி யோசிக்க வேண்டியது அடுத்த புயலைப் பற்றி. காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை, மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஓரங்களிலும் முகட்டிலும் அந்த இழுப்பு மிக அதிகம். ஆகவே ஓரத்து ஷீட்டுகளுக்கு ஜே போல்ட்டை நெருக்கமாகப் போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வாசர் வேண்டும், மரச்சட்டத்தைச் சுவரோடு இறுக்கிக் கட்ட வேண்டும். உதவப் போகிறவர் கூரையை மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் வேலை பாதிதான் முடிந்தது. வீட்டுக்காரர் ஏணியில் பக்கத்தில் நின்று, ஏன் இங்கே மூன்று போல்ட் என்று தெரிந்துகொண்டால்தான் முழுமை.

அமெரிக்காவில் மில்லார்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் 1976இல் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு அமைப்பு இதை ஒரு விதியாகவே வைத்தது. வீடு பெறும் குடும்பமும் தொண்டர்களோடு சேர்ந்து உழைக்க வேண்டும். 1984இல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் நியூயார்க்கில் பாழடைந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றைச் செப்பனிடப் போய், 19 குடும்பங்களுக்கான அந்த வேலையில் தச்சராக நின்றார். அவர் பெயரால் அமைப்புக்குப் புகழ் கிடைத்தது. ஆனால் நான் மெச்சுவது அந்த விதியை. சேர்ந்து உழைத்தவருக்குத் தன் சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

எல்லாவற்றிலும் கை வைக்கக்கூடாது என்பதையும் இதே அழுத்தத்தோடு சொல்கிறேன். பாரம் தாங்கும் சுவரை உடைப்பது, கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழும் தூணை மேலோட்டமாகப் பூசி மறைப்பது, மின் இணைப்புப் பலகைக்குள் கை விடுவது, இவை பொறியாளருக்கும் உரிமம் பெற்ற மின்பணியாளருக்கும் உரியவை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைத்துக்கொள்ளும்; உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ரம்பம் போட்டு அறுக்காதீர்கள், அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்க்கும்போது நனைத்துத் தேயுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017இல்தான். அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

கடைசியாக, கருவிகள். ரசமட்டம், டியூப் லெவல், நல்ல ஏணி, டிரில்லிங் மெஷின் எல்லாவற்றையும் ஒவ்வொரு குடும்பமும் வாங்க முடியாது, வாங்கினாலும் ஆண்டில் பல மாதம் பரணில் கிடக்கும். கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரப் பொதுநூலகம் 1979இலிருந்து கருவிகளையும் புத்தகம்போல் இரவல் கொடுக்கிறது. விடுதலைக்குப் பின் பொதுநூலகச் சட்டத்தை நாட்டிலேயே முதலில், 1948இல், இயற்றியது நம் சென்னை மாகாணம். ஊருக்கு ஊர் கிளை நூலகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஓர் அலமாரியை இதற்கு ஒதுக்கி, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கொத்தனாரையும் ஒரு சித்தாளையும் கூலி கொடுத்து அழைத்து, மழைக்கு முன்னால் மாடியைச் சோதிப்பது எப்படி என்று அங்கேயே ஒரு மாடியில் செய்து காட்டச் சொல்லலாம். உங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்.