பால் நல்லா இருக்கும்போதே கவனிப்போம்

(தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் ஒரே விசயத்தை மட்டும் பேசுவோம். அது நம் வீட்டுப் பால்.

நம் லயங்களில் பலர் மாடு வளர்க்கிறோம். விற்றது போக, பிள்ளைகளுக்கென்று ஒரு போத்தல் பால் எடுத்து வைக்கிறோம். விடியக்காலையில் அவசரமாகக் காய்ச்சி, அடுப்புப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறோம். பின்னேரம் வந்து அதையே பிள்ளைக்குக் கொடுக்கிறோம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு நாள் பாலில் இலேசான வாடை. ‘கொஞ்சந்தானே, சீனி போட்டால் தெரியாது’ என்று திரும்பச் சூடாக்கிச் சின்னவனுக்குக் கொடுத்தோம். அன்றிரவே வாந்தி, வயிற்றோட்டம். விடியுமுன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு போத்தல் பாலைக் கொட்ட மனமில்லாமல் பட்ட பாடு அது.

‘கொதித்தால் கிருமி செத்துவிடுமே’ என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலான கிருமிகள் சாகும், உண்மைதான். ஆனால் சில கிருமிகள் பாலில் விட்ட நஞ்சு, கொதித்தாலும் போகாது. கெட்ட பாலை அடுப்பில் வைத்து நல்ல பாலாக்க முடியாது.

இளஞ்சூடுதான் கிருமிக்குப் பிடித்த இடம். சில கிருமிகள் 20 நிமிசத்துக்கு ஒரு தடவை இரண்டு மடங்காகும். அப்படிப் பெருகினால், ஒன்று 6 மணித்தியாலத்தில் இரண்டு இலட்சத்தைத் தாண்டும். வெளியே எவ்வளவு குளிரடித்தாலும் அடுப்படி சூடுதானே!

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

• கையையும் மடியையும் கழுவிக் கறந்து, வடித்து, உடனே காய்ச்சுங்கள். பொங்கியதும் இறக்காமல், நெருப்பைக் குறைத்துக் கிண்டியபடி இரண்டு மூன்று நிமிசம் கொதிக்க விடுங்கள்.

• மூடி, பாத்திரத்தோடு பச்சைத் தண்ணீரில் வையுங்கள். தண்ணீர் சூடானால் மாற்றுங்கள். ஆறியபின் அடுப்புக்குத் தூரமாக வையுங்கள்.

• பகல் சாப்பாட்டுக்கு வரும்போது இன்னொரு தடவை கொதிக்க வைத்து ஆற்றுங்கள்.

• பழைய பாலோடு புதுப் பாலைச் சேர்க்காதீர்கள்.

• கரைத்த பால்மாவை 2 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிடுங்கள்.

• பால் மிஞ்சும் என்று தெரிந்தால், நல்லா இருக்கும்போதே உறை ஊற்றித் தயிராக்குங்கள்.

புளித்த வாடை, நூல் போல வழவழப்பு, நிறமாற்றம், காய்ச்சும்போது திரிதல் – இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் பால் வேண்டாம். கறக்கும்போதே கட்டியோ இரத்தமோ வந்தால் மாட்டுக்கு மடிநோய் இருக்கலாம். அந்தப் பாலும் வேண்டாம், மாட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்த அடையாளம் ஒன்றும் இல்லாமலும் பாலில் கிருமி இருக்கலாம். ஆகையால் மூக்கை மட்டும் நம்பாமல், காய்ச்சிய நேரத்தையும் யோசியுங்கள். வீட்டில் பிள்ளை பார்க்கும் பாட்டிமாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால், பக்கெட்டில் சொன்ன அளவுப்படி ஜீவனி கரைத்துக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை சோர்ந்து போனால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கொட்டிய பாலை நாளைக்குக் கறந்துகொள்ளலாம். சந்தேகம் வந்தால் கொட்டுங்கள், பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.